டிரெக்டரி சேர்வரைப் பேக்கப் எடுத்துத் தரமுயர்த்துவது எப்படி: வன்னியில் சின்னக் கணினி ஆய்வுகூடம் நடத்துவோருக்கு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தின் கணினி ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 24 கணினிகள், 260 பிள்ளைகள். பிள்ளைகள் எந்தக் கணினியில் இருந்தாலும் தங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போகலாம். அந்தக் கணக்குகள் எல்லாம் மூலையில் நிற்கிற ஓப்பன்எல்டாப் சேர்வரில், அதாவது கணக்கு விபரங்களை ஓரிடத்தில் வைத்திருக்கும் டிரெக்டரி சேர்வரில் இருக்கின்றன.

நான் முதல் தடவை அதைத் தரமுயர்த்தியபோது, தரவு இருந்த அடைவை (ஃபோல்டரை) அப்படியே பென்ட்ரைவுக்குக் கொப்பி பண்ணிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து உபுண்டு 22.04 போட்டேன். புதிய சேர்வர் அந்த அடைவைத் திறக்கவே இல்லை. அமைப்புக் கோப்புகளை நான் எடுத்து வைக்கவும் இல்லை. திங்கள் காலை பிள்ளைகள் வாசலில் நின்று "சேர், என்ர பாஸ்வேர்ட் பிழையாம்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இன்னொரு கணினியில் பழைய பதிப்பைப் போட்டு, அமைப்பை நினைவில் இருந்து திரும்ப எழுதி, அந்த அடைவில் இருந்து கணக்குகளை மீட்டெடுக்க மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் வகுப்பு இல்லை. மல்லாவியில் இருந்தும் முழங்காவிலில் இருந்தும் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் சும்மா திரும்பிப் போனார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது உபுண்டு, டெபியன் சேர்வர்களில் ஓடும் ஓப்பன்எல்டாப்புக்கு. கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

'ஸ்லாப்டி' என்பதுதான் சேர்வர் நிரல். அதற்குப் பெரிய எழுத்து 'வி' தெரிவை இரண்டு தடவை சேர்த்துக் கொடுத்தால் பதிப்பு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உபுண்டு 20.04இல் 2.4, 22.04இல் 2.5, 24.04இல் 2.6 இருக்கும். டெபியன் 11இல் 2.4, 12இல் 2.5, 13இல் 2.6. உபுண்டு 20.04க்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. இன்னும் அதில் இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

கஷ்டமான தாண்டல் 2.4இல் இருந்து 2.5க்குப் போவதுதான். அதில் இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது, தரவைச் சேமிக்கும் முறை. பழைய சேர்வர்களில் 'எச்டிபி' அல்லது 'பிடிபி' என்ற முறை இருக்கும். 2.5இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ளது 'எம்டிபி'. என்னுடைய சேர்வர் உபுண்டு 14.04 காலத்தில் யாரோ நிறுவியது. ஒவ்வொரு தடவையும் மேலே மேலே தரமுயர்த்தி வந்ததால் உள்ளே எச்டிபி அப்படியே இருந்திருக்கிறது. புதிய சேர்வர் என் அடைவைத் திறக்காததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, கடவுச்சொல் விதிகளுக்கான 'பிபாலிசி' ஸ்கீமா (ஒரு பதிவில் என்னென்ன புலங்கள் இருக்கலாம் என்ற வரையறை). 2.4இல் அது தனியாக ஏற்றப்பட்டிருக்கும். 2.5இல் அது நிரலுக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய அமைப்பை அப்படியே ஏற்றினால் ஒரே வரையறை இரண்டு தடவை வருகிறது என்று சேர்வர் எழும்பாது.

இந்த இரண்டும் உங்களிடம் இருக்கின்றனவா என்பது 5ஆம் படியில் எடுக்கப்போகும் அமைப்புக் கோப்பிலேயே தெரியும்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வன்னியில் பல இடங்களில் சேர்வரைக் கொண்டுவந்து வைத்தவர்கள் திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். சேர்வர் மட்டும் நிற்கிறது. கடவுச்சொல் யாரிடம் என்று தெரியாது. அதனால் வேலை தொடங்க முன் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிபரிடமோ நிலையப் பொறுப்பாளரிடமோ எழுத்தில் ஒரு அனுமதி. எந்த நாள், எத்தனை மணிநேரம் சேர்வர் நிற்கும், பேக்கப் பிரதிகள் யார் கையில் இருக்கும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, சில இடங்களில் அடையாள அட்டை இலக்கம்கூட அந்தச் சேர்வரில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. யாரைக் கேட்டுக் கொப்பி எடுத்தாய் என்று நாளைக்குக் கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

ஒரு தாளில் சேர்வரின் ஐபி முகவரி, முழுப் பெயர், டிரெக்டரியின் வேர்ப் பெயர் (எல்லாப் பதிவுகளுக்கும் மேலே நிற்கும் பெயர்), நிர்வாகக் கணக்கின் பெயர். கடவுச்சொல்லை வேறு தாளில் எழுதி உறையில் ஒட்டிப் பொறுப்பாளரின் அலுமாரியில் வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். உபுண்டுவின் வழமையான அமைப்பில் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) உரிமை இருந்தால் அமைப்புப் பகுதிக்குள் போய்ப் புதிய கடவுச்சொல் போடலாம். ஆனால் அதைத் தரமுயர்த்தும் நாளுக்கு முதல் வாரமே செய்துவிடுங்கள்.

3. செலவு

நான் செலவழித்ததைச் சொல்கிறேன். விலை கடைக்குக் கடை மாறும். 32 ஜிபி பென்ட்ரைவ் இரண்டு 3,400 ரூபா. யூபிஎஸ்ஸுக்குப் புது பற்றரி 6,500 ரூபா. மதர்போர்டில் போடும் காசு அளவு வட்ட பற்றரி 150 ரூபா. சேர்வராக மாற்ற ஒரு கணினி ஆய்வுகூடத்திலேயே சும்மா கிடந்தது. இல்லாவிட்டால் பழைய டெஸ்க்டொப் ஒன்று தேட வேண்டியிருக்கும்.

பேக்கப்புக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 260 பிள்ளைகளின் கணக்குகளும் சேர்ந்து எனக்கு அரை எம்பிகூட வரவில்லை. பிள்ளைகள் செய்த வேலைகளின் பேக்கப் வேறு கதை; அது இந்தச் சேர்வரில் இல்லை.

அந்த 150 ரூபா பற்றரியை மட்டும் மறக்க வேண்டாம். அது செத்துப்போனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போகும். அப்போது, கணினிகள் சேர்வரை அடையாளம் காணும் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று சேர்வரோடு எந்தக் கணினியும் பேசாது. நான் இரண்டு மணிநேரம் எல்டாப்புக்குள் பிழை தேடிவிட்டு, கடைசியில் மூலையில் திகதியைப் பார்த்தேன்.

உபுண்டு 24.04 சேர்வரின் நிறுவல் கோப்பு இரண்டரை ஜிபிக்கு மேல் வரும். இரவு நேர டேட்டா உள்ள பக்கேஜ் இருந்தால் முதல் நாள் இரவே இறக்கி, சரிபார்ப்புத் தொகை (செக்சம்) சரியா என்று பார்த்து வையுங்கள். பாதியில் அறுந்த கோப்பில் நிறுவத் தொடங்கினால் நாள் முழுக்கப் போகும்.

4. நாள் குறித்தல்

போயா விடுமுறையில் செய்யலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். அன்று ஒரு பவர் சப்ளை போனால் வாங்கக் கடை திறந்திருக்காமல் போகலாம். நான் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். வெள்ளி பின்னேரம் கடைசிப் பேக்கப், சனி வேலை, ஞாயிறு கையிருப்பு. சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கடை திறந்திருக்கும். காலை பஸ்ஸில் போனால் பின்னேரம் திரும்பிவிடலாம்.

பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரத்தில் தொடாதீர்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் இடியும். அந்த நேரம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முடிந்தால் தவிருங்கள்.

5. பேக்கப் எடுத்தல்

அடைவைக் கொப்பி பண்ணுவதை நம்பி இருக்காதீர்கள். அது அந்தப் பதிப்புக்கும் அந்தச் சேமிப்பு முறைக்கும் மட்டும்தான் புரியும். எந்தப் பதிப்பும் வாசிக்கக்கூடியது 'எல்டிஃப்' என்ற எழுத்துக் கோப்பு. அதை எடுத்துத் தரும் கட்டளை 'ஸ்லாப்கேட்'.

இரண்டு தடவை ஓட்ட வேண்டும். 'என்' தெரிவுக்கு 0 கொடுத்தால் சேர்வரின் அமைப்பு வரும். 1 கொடுத்தால் பிள்ளைகளின் கணக்குகள் வரும். பலர் 1ஐ மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். 0 இல்லாவிட்டால் யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகள், சுட்டிகள் (தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ்கள்), நீங்கள் சேர்த்த ஸ்கீமாக்கள் எல்லாவற்றையும் நினைவில் இருந்து எழுத வேண்டிவரும். கோப்புப் பெயரில் திகதியைச் சேருங்கள். 'ஓ' தெரிவில் 'எல்டிஃப்-ரேப்' என்பதற்கு 'நோ' என்று கொடுத்தால் நீண்ட வரிகள் உடையாமல் வரும். பிறகு திருத்த வசதி.

இப்போது தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் சேர்வரில் பிள்ளைகளின் பெயர் தமிழில் இருந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் இருக்காது. பெயர்ப் புலத்துக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளிக்குப் பதிலாக இரண்டு நிற்கும். அதன் பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு கோவை. கோப்பு பழுதாகிவிட்டது என்று நானும் திடுக்கிட்டேன். பழுதாகவில்லை. எல்டிஃப் கோப்பில் ஆங்கில எழுத்து அல்லாத எதையும் 'பேஸ்64' குறியீட்டில்தான் எழுதுவார்கள். அந்த இரட்டை முக்காற்புள்ளிதான் அதற்கு அடையாளம். கடவுச்சொல் வரியும் அப்படித்தான் இருக்கும். திரும்ப ஏற்றும்போது தமிழ்ப் பெயர் தமிழாகவே வரும். அந்த வரிகளில் கை வைக்காதீர்கள்; விண்டோஸ் நோட்பேடிலோ வேர்டிலோ திறந்து சேமிக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு பதிவும் தன் முழுப் பெயரைச் சொல்லும் 'டிஎன்' வரியோடு தொடங்கும். அந்த வரிகளை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு 283. பிள்ளைகள் 260, மிச்சம் ஆசிரியர் கணக்குகள், குழுக்கள், கிளைகள். இந்த எண் பிறகு வேண்டும்.

ஸ்லாப்கேட் எடுக்காத சில உண்டு. அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். சான்றிதழ், அதன் தனிச் சாவி, சான்றளித்த மூலச் சான்றிதழ் மூன்றும் முக்கியம். 'எட்சி' அடைவில் 'டிஃபோல்ட்' என்பதன் உள்ளே இருக்கும் ஸ்லாப்டி கோப்பு, நீங்கள் எழுதிய கிரொன் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) வரிகள், பிள்ளைகளின் கணினி ஒன்றில் இருந்து 'எஸ்எஸ்எஸ்டி' (உள்நுழைவைச் சேர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் நிரல்) அமைப்புக் கோப்பு, இவையும் சேரட்டும். எல்லாவற்றையும் 'டார்' கட்டாகக் கட்டிய பிறகுதான் பென்ட்ரைவுக்குக் கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கும் பென்ட்ரைவ் ஃபேட் முறையில் இருக்கும். கட்டாமல் போட்டால் யாருடைய கோப்பு, யார் வாசிக்கலாம் என்ற விபரம் அழிந்துபோகும்.

அந்தக் கட்டை 'ஜிபிஜி' என்ற குறியாக்க நிரலால் பூட்டுங்கள். கடவுச்சொற்கள் அதில் நேராக இல்லை, கலக்கிய வடிவில்தான் இருக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் வைக்கும் சின்னக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது.

ஒரு பென்ட்ரைவ் அலுவலக அலுமாரியின் மேல் தட்டில். மற்றது வேறு கட்டடத்தில், அனுமதிக் கடிதத்தில் பெயர் உள்ளவரிடம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஏன் மேல் தட்டு, ஏன் வேறு கட்டடம் என்று சொல்லத் தேவையில்லை.

6. ஒத்திகை

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

வேறு ஒரு கணினியில், அல்லது மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரமாக, புதிய பதிப்பை நிறுவுங்கள். ஸ்லாப்டி நிறுவிய பின் நெட்வேர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சேர்வரை நிறுத்துங்கள். 'எட்சி - எல்டாப் - ஸ்லாப்டி டொட் டி', 'வார் - லிப் - எல்டாப்' என்ற இரண்டு அடைவுகளிலும் உள்ளதை அழிக்காமல் வேறு பெயருக்கு நகர்த்தி, அதே பெயரில் வெறும் அடைவுகளை உருவாக்குங்கள்.

அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து அதில் திருத்துங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். 'பிபாலிசி' ஸ்கீமாப் பதிவு இருந்தால் அந்தப் பதிவை முழுதாக எடுத்துவிடுங்கள். அதற்குப் பின் வேறு ஸ்கீமா இருந்தால் அடைப்புக்குள் இருக்கும் வரிசை எண்ணை டிஎன் வரியிலும் சிஎன் வரியிலும் ஒன்று குறையுங்கள். பிபாலிசி மொடியூலை (சேர்வரோடு இணையும் துணை நிரலை) ஏற்றும் வரி அப்படியே இருக்கட்டும். எச்டிபி இருந்தால் மொடியூல் வரி, டிஎன் வரி, டேட்டாபேஸ் வரி, ஒப்ஜெக்ட்கிளாஸ் வரிகள் எல்லாவற்றிலும் எச்டிபியை எம்டிபி ஆக்குங்கள். எச்டிபிக்கு மட்டும் உரிய கேஷ் அளவு வரிகளையும் 'டிபிகொன்ஃபிக்' வரிகளையும் அழியுங்கள்.

அதோடு அதிகபட்ச அளவு வரி ஒன்று சேருங்கள்: 'ஓஎல்சிடிபிமேக்ஸ்சைஸ்', பெறுமதி 1073741824. அது ஒரு ஜிபி. சேர்க்காவிட்டால் 10 எம்பிதான் எல்லை. இன்றைக்குப் போதும், பிறகு ஒருநாள் கணக்குகள் கூடி எல்லையைத் தொட்டால் 'மேப் ஃபுல்' என்று ஒரு கணக்கையும் சேர்க்க விடாது.

சரி, இனி ஏற்றலாம். கட்டளை 'ஸ்லாப்ஆட்'. முதலில் 'யூ' தெரிவோடு ஓட்டினால் எதையும் எழுதாமல் பிழையை மட்டும் சொல்லும். பிழை இல்லாவிட்டால் 0ஐ ஏற்றுங்கள், பிறகு 1ஐ. சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்லாப்ஆட் ஓட்டவே கூடாது. 283 பதிவுகள் ஏறச் சில நொடிதான்; பிழைகளைத் திருத்த எனக்கு அரை நாள் போனது. அந்த அரை நாள் ஒத்திகையில் போனதால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏற்றிய பிறகு நிறையப் பேர் விழும் குழி ஒன்று: ரூட்டாக ஏற்றியதால் கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயரில் இருக்கும். சேர்வரோ 'ஓப்பன்எல்டாப்' என்ற பயனரின் பெயரில் ஓடுகிறது. 'சௌன்' கட்டளையால் இரண்டு அடைவுகளையும் அந்தப் பயனருக்கு மாற்றாவிட்டால் சேர்வர் எழும்பாது. சான்றிதழின் தனிச் சாவியையும் அந்தப் பயனரால் வாசிக்க முடிய வேண்டும். தரவு அடைவை வழமையான இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வைத்தால் உபுண்டுவின் 'அப்ஆர்மர்' என்ற பாதுகாப்பு வசதி தடுக்கும். எனவே வழமையான இடத்திலேயே வையுங்கள்.

சேர்வரை எழுப்பி, திரும்ப ஸ்லாப்கேட் ஓட்டி டிஎன் வரிகளை எண்ணுங்கள். தாளில் எழுதிய அதே எண் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. தரமுயர்த்தும் நாள்

ஓடுகிற சேர்வரையே தரமுயர்த்தாதீர்கள். ஒத்திகை பார்த்த கணினி நல்லதாக இருந்தால் அதையே புதிய சேர்வர் ஆக்குங்கள். பழையது தொடாமல் அப்படியே இருக்கட்டும். ஏதும் பிழைத்தால் கேபிளைத் திரும்பப் பழையதில் குத்தினால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலை.

ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றால், முதலில் 'குளோன்சில்லா'வால் முழு டிஸ்க்கையும் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். இந்த இடத்தில்தான் பெரிய ஹார்ட் டிஸ்க் தேவைப்படும். 20.04இல் இருந்து 24.04க்கு ஒரேயடியாகத் தாவ முடியாது, 22.04க்குப் போய்த்தான் போக வேண்டும்.

வெள்ளி பின்னேரம் வகுப்பு முடிந்ததும் இனி யாரும் கடவுச்சொல் மாற்ற வேண்டாம் என்று அறிவித்து, தரவுத்தளத்தை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். பிறகு கடைசி ஸ்லாப்கேட். சனி காலை யூபிஎஸ்ஸின் சுவர்ப் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிடமாவது தாங்காவிட்டால் பற்றரியை மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

புதிய கணினியில் ஒத்திகை அடைவுகளை ஒதுக்கிவிட்டு, திருத்திய அமைப்பையும் வெள்ளிக்கிழமைத் தரவையும் ஏற்றுங்கள். அமைப்பை முன்பே ஒத்திகைக்கு எடுத்ததால் வாசிக்க மட்டும் என்ற பூட்டு அதில் இருக்காது. புதிதாக எடுத்திருந்தால் அந்த வரியை நீக்குங்கள். பழைய சேர்வரை முறையாக நிறுத்தி, கேபிளைக் கழற்றிய பிறகே புதியதற்குப் பழைய ஐபியும் பழைய பெயரும் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் 24 கணினிகளில் ஒன்றையும் தொடத் தேவையில்லை. ஒரே ஐபியில் இரண்டும் ஒரு நிமிடம் ஓடினாலும் குழப்பம்தான்.

8. சரிபார்த்தல்

உங்கள் கணக்கால் உங்கள் கணினியில் நுழைந்து பார்த்துவிட்டு 'வேலை செய்கிறது' என்று வீட்டுக்குப் போகாதீர்கள். எஸ்எஸ்எஸ்டியில் நினைவில் வைக்கும் வசதி போட்டிருந்தால், முன்பு அந்தக் கணினியில் நுழைந்தவரை, சேர்வர் செத்துக் கிடந்தாலும் உள்ளே விடும். அந்தக் கணினியை ஒருநாளும் தொடாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நுழையச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தியைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். ஆறு கணினிகளில் நுழைந்து பார்த்தாள். பெயர் திரையில் தமிழில் வடிவாக வந்தது.

அவளைக் கொண்டே பிழையான கடவுச்சொல்லும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்வர் மறுக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி, வேறு கணினியில் புதியதால் நுழையச் சொல்லுங்கள். பிறகு சேர்வரை முழுதாக அணைத்துப் போட்டு, ஸ்லாப்டி தானாக எழும்புகிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள். கரண்ட் போய் வரும் ஊரில் இதைப் பார்க்காமல் விட முடியாது.

9. அதற்குப் பிறகு

பழைய சேர்வரை ஒரு மாதம் அணைத்து வையுங்கள். பிறகு வேறு வேலைக்குக் கொடுப்பதென்றால் டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். திருத்தக் கொடுக்கும்போதும் அப்படித்தான்.

தினமும் தானாகப் பேக்கப் எடுக்கக் கிரொனில் ஸ்லாப்கேட் இரண்டையும் போடுங்கள். வழிகாட்டிகள் எல்லாம் அதிகாலை 2 மணி என்று போடச் சொல்லும். எங்கள் நிலையத்தில் பின்னேரம் 5 மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் காவலாளி கதவைப் பூட்டுவார். 2 மணிக்குச் சேர்வர் ஓடவே ஓடாது. பேக்கப்பும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. நான் 3:15க்குப் போட்டிருக்கிறேன், பின்னேரம். திங்கட்கிழமைகளில் முதல் வகுப்புக்கு முன், கடைசிக் கோப்பின் திகதி வெள்ளிக்கிழமையாக இருக்கிறதா, அளவு போன வாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பதிவுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து வைக்கிறேன்.